பொழியும் குண்டுகளும் பூட்டிய கூண்டுகளும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் உரைத்துத் தமது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இடிந்து சரிந்த கட்டிடத்தின் முன் ஒரு மனிதர் குந்தியிருக்கிறார். அவரைச் சுற்றிலும் இருபது முப்பது பூனைகள்.

“ஹஸரத், மனிதர்களே கொத்துக் கொத்தாக மடியும் இடத்தில் பூனைக்குத் தீனி போடுவது என்ன நியாயம்? அந்தக் காசுக்கு ஒரு பிள்ளைக்குப் பால் வாங்கலாமே!” என்றார் அவர்.

“தம்பி, ஈரமுள்ள ஈரல் உடைய எந்த ஜீவனுக்கு உதவினாலும் நற்கூலி உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருக்கிறார்கள் அல்லவா?” என்றேன் நான்.

“அது சரிதான் ஹஸரத். ஆனால் அந்த ஹதீஸ் அமைதியான ஊருக்கா, குண்டு விழும் ஊருக்கா?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கேள்வி குறும்பினால் எழுந்ததன்று, வேதனையினால் எழுந்தது. எனவே அன்று அவசரமாகச் சொன்ன பதிலோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கடந்த இருபதாண்டுகளுக்கும் மேலான காலத்தில் பக்தாதிலும், ஹலபிலும், மோசூலிலும், காபூலிலும், காஸாவிலும், கார்த்தூமிலும் வாயில்லா ஜீவன்களுக்கு நேர்ந்தது யாது, அவற்றை மீட்கச் சென்றோர் செய்தது யாது, அதனை நமது மார்க்கச் சட்டம் எவ்விதம் நிறுக்கிறது என்பதை வாசக அன்பர்களுடன் சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

ஹலப் நகரின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

இளைஞர் காட்டிய படத்தில் இருந்தவரை உலகம் அறியும். முஹம்மது அலாவு அல்ஜலீல் என்பது அவர் பெயர். சிரியாவின் ஹலப் நகரில், அதாவது அலெப்போவில், மின்பணியாளராக இருந்தவர். போர் அந்நகரைப் பிளந்தபோது ஆம்புலன்ஸ் ஓட்டத் தொடங்கினார். இடிபாடுகளிலிருந்து காயமுற்றோரை வாரியெடுத்து மருத்துவமனை சேர்ப்பதே அவருடைய அன்றாடப் பணியாயிற்று.

மக்கள் வீடுகளைத் துறந்து ஓடினர். குழந்தையைத் தூக்கவே கை போதாதவர்கள் பூனையை எங்ஙனம் தூக்குவர்? விட்டுச் சென்ற பூனைகள் பசியோடு தெருக்களில் திரிந்தன. அலாவு அவர்கள் கசாப்புக் கடைகளில் கிடைத்த கழிவிறைச்சியை வாங்கி நாள்தோறும் அவற்றுக்கு இட்டார். செய்தி பரவி, வெளிநாட்டில் உள்ளோர் உதவி அனுப்பினர். 2015-ஆம் ஆண்டு ஒரு காப்பகம் எழுந்தது. 2016 நவம்பரில் அந்தக் காப்பகமும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. பூனைகள் பல மடிந்தன. டிசம்பரில் கிழக்கு ஹலப் மக்கள் வெளியேற்றப்பட்டபோது எஞ்சிய சிலவற்றோடு அவரும் வெளியேறி, அடுத்த ஆண்டு நகருக்கு வெளியே கபர் நாஹா என்ற சிற்றூரில் மீண்டும் காப்பகம் அமைத்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பூனைகளுக்கென வந்த உதவியைக் கொண்டே அவர் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலும், மக்களுக்குக் குடிநீர்க் கிணறும் அமைத்தார். மனிதரைத் தூக்கிய கையும் பூனைக்கு உணவிட்ட கையும் ஒரே கைதான். “மனிதனா, மிருகமா?” என்று தொலைவில் இருக்கும் நாம் எழுப்பும் கேள்வி, களத்தில் நின்ற அம்மனிதருக்கு எழவே இல்லை.

கூண்டுக்குள் அகப்பட்டவை

தெருப்பூனைக்காவது ஓட வழியுண்டு. மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட விலங்கின் கதி என்ன?

2003-இல் பக்தாத் மீது படையெடுப்பு நிகழ்ந்தபோது அந்நகரின் மிருகக்காட்சி சாலையில் ஏறத்தாழ 650 உயிரினங்கள் இருந்தன. சில நாட்களுக்குள் எஞ்சியவை சுமார் 35 மட்டுமே. பல கொள்ளையடிக்கப்பட்டன, பல தாகத்தால் மாண்டன. லாரன்ஸ் அந்தோணி என்ற தென்னாப்பிரிக்கர் குவைத் வழியாக அங்கே சென்றார். சம்பளம் கிடைக்குமா என்பதே அறியாத இராக்கியப் பணியாளர்கள் திரும்பி வந்து, வாளியில் நீர் சுமந்து கூண்டுகளில் ஊற்றினர். வந்த வெளிநாட்டவரின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வாளி சுமந்தவர்களின் பெயரை அல்லாஹ் அறிவான்.

மோசூலில் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. கிழக்கு மோசூலின் ஒரு மிருகக்காட்சி சாலையில் நாற்பதளவில் விலங்குகள் மடிந்தபின் இரண்டே எஞ்சின. லூலா என்ற கரடியும் ஸிம்பா என்ற சிங்கமும் அவை. வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஃபோர் பாஸ்’ என்ற அமைப்பின் சார்பில், எகிப்தில் பிறந்த கால்நடை மருத்துவர் அமீர் கலீல் 2017 பிப்ரவரியில் அங்கே சென்று சிகிச்சை அளித்தார். சோதனைச் சாவடியில் பல நாட்கள் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே, ஏப்ரலில் இரண்டும் ஜோர்டான் நாட்டை அடைந்தன.

அதே 2017-ஆம் ஆண்டு ஜூலையில் ஹலப் அருகே ‘ஆலமுஸ் ஸஹ்ர்’ என்ற பூங்காவிலிருந்து 13 விலங்குகள் மீட்கப்பட்டன. போருக்கு முன் அங்கே சுமார் 300 இருந்தன. எஞ்சிய சிங்கங்களும் புலிகளும் கரடிகளும் கழுதைப்புலிகளும் நாய்களும் துருக்கி வழியாக ஜோர்டானின் ஜரஷ் பகுதியிலுள்ள காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அக்காப்பகத்தின் பெயர் ‘அல் மஃவா’. புகலிடம் என்பது பொருள். ஜன்னத்துல் மஃவா என்று சுவர்க்கத்துக்குத் திருமறை வழங்கும் பெயரில் வரும் சொல்லும் இதுவே.

சூடானில் 2023 ஏப்ரலில் போர் மூண்டது. கார்த்தூமுக்குத் தெற்கே ஒரு காப்பகத்தில் அடைபட்டிருந்த சிங்கங்கள் அவ்வாண்டு நவம்பரில்தான் வத் மதனீ பகுதிக்கு மாற்றப்பட்டன. அடுத்த மாதமே போர் அந்த ஊரையும் எட்டியது. போர்க்காலத்தில் புகலிடம் என்பது எவ்வளவு குறுகிய கால விருந்து என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

பூட்டியவரே பொறுப்பாளி

ஒரு பூனையின் காரணமாக நரகம் புகுந்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் அது பதிவாகியுள்ளது. ஆயினும் நம்மில் பலர் அதனைப் ‘பூனைக்கு உணவிடாத பெண்’ என்றே நினைவில் வைத்திருக்கிறோம். ஹதீஸின் உயிர் அங்கே மட்டும் இல்லை. அவள் பூனையை அடைத்து வைத்தாள். தானும் உணவிடவில்லை, அது வெளியே சென்று மண்ணில் ஊர்வனவற்றைப் பிடித்துத் தின்று பிழைக்கவும் விடவில்லை. குற்றத்தின் இரு பாதிகள் இவை. வெளியே விட்டிருந்தால் அப்பூனை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். பூட்டிய கணத்தில் அதன் உணவுக்கு அவள் பிணையாளி ஆனாள்.

இந்த ஹதீஸைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடன் உண்டு. மதரஸாவில் கிதாபு ஓதிய காலத்தில் ரமலான் விடுமுறைக்கு ஊர் செல்லும் நாளன்று கிதாபு அறையைப் பூட்டும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அலமாரிகளின் பின்புறம் பாராமலே பூட்டிவிட்டேன். நாற்பது நாட்கள் கழித்துத் திறந்தபோது, மதரஸாவில் எங்களோடு வளர்ந்த சாம்பல் நிறப் பூனை கதவோரம் காய்ந்து கிடந்தது. கதவின் அடிப்பலகையில் நகக் கீறல்கள் இருந்தன.

எங்கள் உஸ்தாது என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அன்று மாலை ஹதீஸ் பாடத்தில் குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து என்னை வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் என் குரல் அடைத்துவிட்டது. “அறியாமல் செய்ததற்கு அல்லாஹ் பிடிக்கமாட்டான். ஆனால் இனிமேல் பூட்டும் முன் பார்” என்று மட்டும் சொன்னார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. எந்த அறையையும் பார்க்காமல் பூட்ட என் கை இன்றளவும் துணிவதில்லை.

மோசூலின் கூண்டுகளைப் பற்றிப் படித்தபோது அந்தக் கீறல்களே என் கண்முன் நின்றன. மிருகக்காட்சி சாலை, காலியான அடுக்குமாடி வீட்டின் உள்ளே விடப்பட்ட பூனை, சங்கிலியோடு கட்டிய நாய், தொழுவத்தில் பிணைத்த மாடு ஆகிய யாவும் அந்த ஹதீஸ் சொல்லும் அதே நிலையில் உள்ளவை. வேடிக்கைக்காகவோ பயனுக்காகவோ அவற்றை அடைத்தவர்கள் மனிதர்கள். குண்டு விழத் தொடங்கியதும் அந்தப் பொறுப்பு கரைந்துவிடுமா?

உயிருக்கு அஞ்சி ஓடியவன் குற்றவாளி அல்லன். இயலாமைக்கு மார்க்கத்தில் மன்னிப்பு உண்டு. 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஆடுமாடுகளையும் வீடுவாசலையும் விட்டு, கையில் கொண்டதோடு நடந்தார்கள். அவர்களை யார் குறைகூற இயலும்? ஆனால் ஒருவர் இயலாமல் விட்ட பொறுப்பு இல்லாமற் போய்விடுவதில்லை. அது இயன்றவர் தோளுக்கு இடம் மாறுகிறது. மீட்கச் சென்றோர் சுமந்தது இந்தச் சுமையைத்தான்.

படை நடுவே ஒரு தாய் நாய்

“அந்த ஹதீஸ் அமைதியான ஊருக்கா?” என்று இளைஞர் கேட்டார் அல்லவா? அதற்குப் பதிலாக ஒரு போர்ப் பயணத்தையே காட்டலாம்.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. மக்காவை நோக்கிப் பதினாயிரம் பேர் கொண்ட படை செல்கிறது. அர்ஜ் என்னும் இடத்தைக் கடந்து செல்கையில் வழியோரம் ஒரு நாய் தன் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டு, அஞ்சி உறுமிக்கொண்டிருப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்ணுற்றார்கள். உடனே ஜுஐல் இப்னு ஸுராக்கா (ரலி) என்ற தோழரை அழைத்து, படை முழுவதும் கடந்து செல்லும் வரை அந்நாயையும் குட்டிகளையும் எவரும் தொந்தரவு செய்யாதபடி அங்கேயே காவல் நிற்கப் பணித்தார்கள். வரலாற்றாசிரியர் வாகிதீ இதனைப் பதிவு செய்துள்ளார்.

சிந்தியுங்கள். அரபுலகின் வரலாற்றையே திருப்பப் போகும் நாட்கள் அவை. படைத்தலைமையின் கவனத்துக்கு ஆயிரம் அலுவல்கள். அவ்வேளையில் ஒரு போர்வீரரின் நேரம் ஒரு நாய்க்கென ஒதுக்கப்பட்டது. ஒரே ஒருவரின் நேரம்தான். படை நின்றுவிடவும் இல்லை, திசை மாறவும் இல்லை. அருளும் அளவும் கைகோத்துச் சென்ற காட்சி அது. இந்த ‘அளவு’ என்ற சொல்லை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

பெருமானாரின் மறைவுக்குப் பின் சிரியா நோக்கிப் படை அனுப்பிய கலீபா அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள், தளபதி யஸீத் இப்னு அபீஸுப்யான் (ரலி) அவர்களுக்கு வழங்கிய கட்டளைகளை இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் தந்துள்ளார்கள். பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோரைக் கொல்லலாகாது என்பதோடு, உணவுத் தேவைக்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்கலாகாது, தேனீக்களை எரிக்கலாகாது என்பவையும் அவற்றுள் அடங்கும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் படை சென்ற அதே சிரியாவில்தான் நம் காலத்தில் காப்பகத்தின் மீது குண்டு விழுந்தது என்பதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.

இக்காலத்துச் சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களுடன் இணைக்கப்பட்ட முதல் துணை ஒப்பந்தத்தின் 54-ஆவது பிரிவு, குடிமக்கள் உயிர் வாழ இன்றியமையாதவற்றை அழிக்கலாகாது என்று தடுக்கிறது. உணவு, விளைநிலம், குடிநீர் அமைப்புகளோடு கால்நடைகளும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. வரவேற்கத் தக்க சட்டம்தான். ஆயினும் அச்சட்டத்தின் பார்வையில் ஆடு மனிதனின் உணவு, மாடு மனிதனின் உடைமை. மனிதனுக்குப் பயன்படாத பூனைக்கும் குருவிக்கும் அதில் இடமில்லை. நமது ஃபிக்ஹுச் சட்டமோ ஒரு படி மேலே சென்று அந்த ஜீவனுக்கென்றே ஒரு ‘ஹுர்மத்’தை, அதாவது மதிப்பை, வழங்குகிறது.

கிதாபுகள் கூறும் சட்டம்

காயல்பட்டினம், கீழக்கரை முதலான நம் கடலோர ஊர்களில் தொன்றுதொட்டு ஓதப்பட்டு வரும் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் இதற்கு உரிய விளக்கங்கள் நிறைய உள்ளன. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் என்ற ஒரு நூலிலிருந்தே மூன்று சட்டங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, தண்ணீர். பயணியிடம் சிறிது தண்ணீரே உள்ளது. அதனால் ஒளுச் செய்தால் உடனிருக்கும் மதிப்புக்குரிய ஜீவன் தாகத்தால் வாடும். அவர் அந்த நீரை அந்த ஜீவனுக்கென வைத்துக்கொண்டு, மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து தொழவேண்டும். தாகம் இப்போது இல்லை, பின்னர் வரும் என்றாலும் சட்டம் அதுவே. தாக்கிக் கடிக்கும் வெறிநாய் போன்றவை மட்டுமே இதற்கு விலக்கு. தொழுகையின் திறவுகோலாகிய தூய்மையே ஒரு பிராணியின் தாகத்துக்காக மண்ணுக்கு மாறுகிறது!

இரண்டாவது, கிணறு. ஒருவருடைய கிணற்றில் அவர் தேவை போக எஞ்சும் நீரைப் பிறர் பயிருக்குத் தரவேண்டியது அவர் மீது கடமையன்று. பிறர் கால்நடைக்குத் தருவதோ கடமையாகும். பயிர் வாடினால் நஷ்டம், உயிர் வாடினால் பாவம் என்ற வேறுபாட்டை இமாம்கள் எத்துணை நுட்பமாகக் கண்டுள்ளனர்!

மூன்றாவது, தீனி. தன் பிராணிக்குத் தீனியும் நீரும் தருவது உரிமையாளன் கடமை. மறுப்பவனை அதிகாரி விட்டுவிடக்கூடாது. உண்ணத்தக்க பிராணியானால் விற்கவோ, தீனியிடவோ, அறுக்கவோ, மற்றவையானால் விற்கவோ, தீனியிடவோ கட்டாயப்படுத்த வேண்டும். கன்றுக்குத் தீங்கு நேரும்படி தாயிடம் பால் கறப்பதும் கூடாது.

ஹிஜ்ரி 660-இல் காலமான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தமது நூலொன்றில் வரிசைப்படுத்தியுள்ளார்கள். மூப்பினாலோ நோயினாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் செலவிட வேண்டும், சுமக்க இயலாததைச் சுமத்தலாகாது என்பவை அவற்றுள் சில. அவர் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. ஒருபுறம் சிலுவைப்படைகள், மறுபுறம் மங்கோலியர். பக்தாத் நகர் வீழ்ந்ததையும் அவர் தம் வாழ்நாளிலேயே கேள்வியுற்றார். ஊரே எரியும் காலத்திலும் கிழட்டுக் கழுதையின் உரிமையை எழுதி வைக்க அவர்களுக்கு மனம் இருந்தது. திமிஷ்க் நகரில் உழைத்து ஓய்ந்த குதிரைகள் மேய்வதற்கென்றே பசும்புல்வெளி ஒன்று வக்பு செய்யப்பட்டிருந்ததாகச் சிரியா நாட்டு அறிஞர் முஸ்தபா ஸிபாயீ (ரஹ்) எழுதியிருக்கிறார்.

காபூல் விமான நிலையம் எழுப்பிய கேள்வி

இனி இளைஞரின் கேள்விக்கு நேராக வருவோம். அதில் ஓர் உண்மை இருப்பதை நாம் மறைக்கலாகாது.

2021 ஆகஸ்ட் 15-ஆம் நாள் காபூல் நகர் தாலிபான்கள் கைக்குச் சென்றது. விமான நிலையத்தின் வாயில்களில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றனர். 26-ஆம் நாள் வாயிலில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரு நாட்கள் கழித்து, முன்னாள் பிரிட்டிஷ் படைவீரர் பென் ஃபார்திங் நடத்திவந்த ‘நவ்ஸாத்’ என்ற காப்பகத்தின் நாய்களும் பூனைகளுமாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை தனி விமானத்தில் வெளியேறின. அவற்றைப் பராமரித்த ஆப்கானியப் பணியாளர்கள் அன்று வாயிலைக் கடக்க இயலவில்லை. பின்னரே அவர்கள் பாகிஸ்தான் வழியாக வெளியேறினர்.

விமானம் நன்கொடைப் பணத்தில் அமர்த்தப்பட்டது, மனிதர் அமரும் இடத்தை விலங்குகள் பிடித்துக்கொள்ளவில்லை என்று ஒரு சாரார் வாதிட்டனர். அந்த இக்கட்டான நாட்களில் அலுவலர்களின் நேரமும் கவனமும் மனிதரை விட்டு விலங்குகளின்பால் திரும்பியது என்று மறுசாரார் கண்டித்தனர். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று 2022 மே மாதம் அளித்த அறிக்கையிலும் இவ்விஷயம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

இங்குதான் மார்க்கத்தின் தராசு நமக்கு உதவுகிறது. மனித உயிரின் மதிப்பு மேலானது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஒரு குவளை நீர் உள்ளது, ஒரு மனிதனும் ஒரு பிராணியும் தாகத்தால் சாகும் நிலையில் உள்ளனர் என்றால் நீர் மனிதனுக்கே உரியது. ஆனால் இச்சட்டம் செயல்பட ஒரு நிபந்தனை உண்டு. அந்த நீர் உண்மையாகவே ஒரே குவளையாக இருக்க வேண்டும்.

ஆகவே எந்த இடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இங்கே பற்றாக்குறையாக இருப்பது எது?’ என்பதே. காபூலில் பணமோ விமானமோ பற்றாக்குறை அல்ல. அங்கே அரிதாக இருந்தவை திறந்த வாயில், எஞ்சிய சில மணி நேரம், அலுவலரின் கவனம் ஆகியவை. அந்த மூன்றிலும் மனிதனுக்கே முதலிடம். நாய்களைப் பேணிய பணியாளர் வெளியே நிற்க நாய்கள் மட்டும் உள்ளே சென்ற காட்சியை நமது மார்க்க உணர்வு ஏற்காது.

ஹலபில் நிலைமை அதுவன்று. மனிதர் உண்ணாத கழிவிறைச்சியே பூனைகளுக்குச் சென்றது. பூனைகளின் பெயரால் வந்த பணம் அவை இல்லையெனில் வந்தே இராது. மோசூலின் கரடிக்கு மருந்திட்ட கால்நடை மருத்துவர் தம் ஊரிலேயே இருந்திருந்தால் ஒரு குழந்தைக்குக் கூடுதல் சிகிச்சை கிடைத்திருக்காது. இவ்விடங்களில் ‘குழந்தைக்குப் பால்’ என்ற வாதம் இரக்கத்தின் ஆடையணிந்து வந்தாலும் எந்தக் குழந்தைக்கும் ஒரு துளிப் பாலைத் தருவதில்லை. பூனையின் உணவை மட்டும் பறிக்கிறது. உண்மையில் குழந்தைகளின் பாலைப் பறித்தவர்கள் குண்டு வீசியவர்களும் பாதைகளை அடைத்தவர்களுமே. நமது கோபம் அவர்கள்பால் திரும்புவதே முறை.

கழுதை சுமக்கும் வாழ்வு

போர்க்களத்தில் பல வேளைகளில் மனித வாழ்வும் பிராணியின் வாழ்வும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன. 2023 அக்டோபரில் தொடங்கிய காஸாப் போரில் எரிபொருள் தடைபட்டு வாகனங்கள் நின்றபோது கழுதை வண்டிகளே ஆம்புலன்ஸ் ஆயின. காயமுற்றோரையும், குடிநீர்க் கலன்களையும், இடம்பெயர்ந்த குடும்பங்களின் மூட்டை முடிச்சுகளையும் அவையே இழுத்தன. ஒரு கழுதையின் குளம்புக் காயத்துக்கு மருந்திடுவது அவ்வண்டியில் ஏறும் நோயாளிக்குச் செய்யும் உதவியுமாகும்.

ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி காஸாவின் மாடுகளில் 95 விழுக்காடு அழிந்துவிட்டன. கன்றுகளில் பெரும்பாலானவை உணவுக்காக அறுக்கப்பட்டுவிட்டன. அறுத்தோரைக் குறைகூற இயலாது. பசி அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது. ஆனால் கன்றை அறுத்த குடும்பத்துக்கு, அமைதி திரும்பினாலும் பால் திரும்பாது.

தென் சூடானில் நிகழ்ந்த நற்செய்தி ஒன்றும் நினைவுகூரத் தக்கது. மாடுகளைக் கொள்ளை கொண்ட வெக்கை நோய் அங்கே உள்நாட்டுப் போரின் நடுவே பரவியிருந்தது. மருத்துவர்கள் செல்ல இயலாத இடங்களில் மாடு மேய்ப்போருக்கே பயிற்சி அளித்து, வெப்பத்தில் கெடாத தடுப்பு மருந்தைக் கொடுத்து ஊசி போடச் செய்தனர். இத்தகைய முயற்சிகளால் 2011-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. போரின் நடுவே பிராணிகளுக்குச் செய்த சேவை உலகின் உழவர் அனைவருக்கும் நன்மையாக முடிந்தது.

மீட்பவர்க்கும் வரம்பு உண்டு

மீட்புப் பணியிலும் விழிப்பு வேண்டும். காஸாவின் ரஃபாஹ் நகர மிருகக்காட்சி சாலையில் வாடிய விலங்குகளை 2019 ஏப்ரலில் ஃபோர் பாஸ் அமைப்பினர் ஜோர்டானுக்குக் கொண்டுசென்றனர். சில மாதங்களிலேயே அதே சாலை புதிய சிங்கங்களோடு மீண்டும் திறக்கப்பட்டது! கைதிகளை விடுவித்துச் சிறையை விட்டுவைத்த கதையாயிற்று. வேடிக்கைக்காக விலங்கை அடைக்கும் பழக்கம் ஒழியாதவரை ஒரு வாயிலால் மீட்டவை மறு வாயிலால் நிறையும். முற்றுகையும் வறுமையும் சூழ்ந்த ஊரில் சிங்கத்துக்கு நாள்தோறும் இறைச்சி போட இயலாதவர் அதனை வாங்கி அடைப்பதே முதற்குற்றம். பூனையைப் பூட்டிய பெண்ணின் கதவு அங்கே மீண்டும் அடைபடுகிறது.

அவ்வாறே, படத்துக்காகவும் நன்கொடைக்காகவும் மட்டும் விலங்கைத் தேடிச் சென்று, அதன் அருகே நிற்கும் பசித்த மனிதனைக் காணாமல் திரும்புவோரும் இருக்கக்கூடும். பூனைக் காப்பகத்தோடு கிணறு தோண்டிய அலாவு அவர்களின் வழியே நமக்கு உகந்த வழி.

நாம் செய்யக் கூடியது

அன்புச் சகோதர சகோதரிகளே! ஹலபும் காஸாவும் நமக்குத் தொலைவு. ஆனால் பூட்டு எல்லா வீட்டிலும் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கூட்டில் கிளியையும் கோழியையும் விட்டுச் செல்கிறோம். குர்பானிக்கு வாங்கிய ஆட்டை வெயிலில் கட்டிவிட்டுத் தண்ணீர் வைக்க மறக்கிறோம். வெள்ளம் வரும் நாளில் தொழுவத்துக் கயிற்றை அவிழ்த்துவிடக்கூடத் தோன்றுவதில்லை. அவிழ்த்துவிட்டால் நீந்தியாவது பிழைக்கும் ஜீவன், கட்டுத்தறியிலேயே மூழ்குகிறது. ‘பூட்டும் முன் பார்’ என்று எங்கள் உஸ்தாது சொன்ன சொல்லை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

போர்ப் பகுதிகளுக்கு உதவ விழைவோர் முதலில் மனிதர்களின் உணவுக்கும் மருந்துக்கும் கொடுங்கள். ஸகாத் பணம் அதற்குரிய எட்டு வகையினரான மனிதர்களுக்கே சேர வேண்டும். அதனைப் பிராணிகளுக்குத் திருப்ப நமக்கு அனுமதி இல்லை. ஆனால் ஸதகாவின் வாசல் விசாலமானது. அதிலிருந்து ஒரு பங்கு கழுதையின் காயத்துக்கோ பூனையின் பசிக்கோ சென்றால் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். மறுமையில் நமது தராசை நிறைக்கப் போவது எது என்று நாம் அறியோம். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் நீர் முகந்து தந்தவர், தாம் மன்னிக்கப்பட்டது அந்த நீரினால் என்று அன்று அறிந்திருக்க மாட்டார்.

கடந்த வாரம் அந்த இளைஞர் பயணம் சொல்லிக்கொள்ள வந்தார். இவ்விஷயங்களை அவரிடம் விரிவாகச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “நான் அங்கே தங்கியிருக்கும் கட்டிடத்தின் பின்புறம் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது ஹஸரத். வெயில் ஐம்பது டிகிரியைத் தொடுகிறது” என்றார்.

“தண்ணீர்க் கிண்ணத்தை நிழலில் வையுங்கள் தம்பி” என்றேன்.

எல்லாம் வல்ல இறைவன் போர் சூழ்ந்த நாடுகளில் அமைதியை இறக்குவானாக. அங்குள்ள மனிதருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கும் புகலிடம் தருவானாக. நம் கைகளால் பூட்டப்பட்டவற்றை நாம் மறவாதிருக்க அருள்புரிவானாக. ஆமீன்.